ஜக்குப் பால்

அந்த மாதம் மழை மட்டும் ஒழுங்காக நின்றிருந்தால் பெயிண்டர் பால் பக்கம் தலைவைத்தே படுத்திருக்க மாட்டான். வெளிச்சுவர் அடிக்கிறவனுக்கு மழை என்றால் சம்பளமில்லாத லீவு. மூன்று மாடிக் கட்டடம் ஒன்றைப் பாதி வரைக்கும் அடித்துவிட்டு, சாரத்தைக்கூடப் பிரிக்காமல் வீட்டில் வந்து உட்கார்ந்தான். சும்மா இருக்கிற கை சும்மா இருக்குமா? முதல் நாள் குழாய்க்கு வாஷர் மாற்றினான். இரண்டாம் நாள் கதவுக் கீலுக்கெல்லாம் எண்ணெய் விட்டான். மூன்றாம் நாள் பழுதுபார்க்க வீட்டில் எதுவும் மிச்சமில்லை. அன்றைக்குத்தான் அவன் பெண்டாட்டி ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையோடு வீட்டுக்கு வந்தாள்.

வீடு என்பது பஞ்சர் கடைக்கு மேலே இரண்டு அறை. கீழே காற்றடிக்கிற மெஷின் ஓட ஆரம்பித்தால் மேலே அலமாரியில் தம்ளர்கள் கிடுகிடுக்கும். அவள் இரண்டு தெரு தள்ளி ஒரு சலவைக்கடையில் நீராவி இஸ்திரி போடுகிறவள். தெருவில் அவளுக்கு இஸ்திரிக்காரி என்றே பேர். எட்டாம் மாதம் வரைக்கும் நின்றுகொண்டு ஹோட்டல் விரிப்புகளைத் தேய்த்தாள். ஒருத்தர் சட்டையைக் காலரிலிருந்து மடிக்கிறாரா, கையிலிருந்து மடிக்கிறாரா என்று பார்த்தே ஆளைக் கணக்குப் போட்டுவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் தன் வீட்டுச் சமையலறையில் நடந்ததைக் கவனிக்காமல் விட்டாளே என்று பின்னால் அவளுக்கே ஆறவில்லை.

பிள்ளை மூன்று வாரம் முந்திப் பிறந்துவிட்டது. பெண். இரண்டு கிலோ முந்நூறு. முதல் தடவை கையில் வாங்கிய பெயிண்டர், "என்னடி இது, கொசு மாதிரி இருக்கா" என்றான். அந்தப் பேரே ஒட்டிக்கொண்டது. கொசுவுக்கு மார்பில் வாய் வைத்துக் குடிக்கத் தெம்பில்லை. நாலு வாய் உறிஞ்சும், அதற்குள் அசந்து தூங்கிவிடும். பம்ப்பை வைத்துப் பாலை எடுத்துப் பாட்டிலில் கொடுங்கள், பற்றாக்குறைக்குப் பவுடர் பால் கொடுங்கள், பதினைந்து நாள் கழித்து வெள்ளிக்கிழமை எடை பார்க்க வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். எப்படிக் கொடுப்பது, எது முதலில், எது பிறகு என்று யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. அன்றைக்கு அந்த வார்டில் பதினோரு பிரசவம். சொல்ல யாருக்கு நேரம்?

பம்ப் போடுவது எப்படி இருக்கும் என்று போட்டவளுக்குத்தான் தெரியும். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை, தடவைக்கு அரை மணி நேரம். உட்கார்ந்தால் முதுகு வலிக்கும், சாய்ந்தால் பால் வராது. முதல் ஐந்து நிமிஷம் வெறும் காற்றுச் சத்தம். பிறகு ஒரு சொட்டு, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அடுத்தது வராது. கண்ணை மூடிக்கொண்டு வேறு எதையாவது நினைக்க வேண்டும். அவள் விரிப்புகளை நினைத்துக்கொள்வாள். ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடிப்பதுபோல. அரை மணி முடிந்து பார்த்தால் முப்பத்தைந்து மில்லி இருக்கும். நல்ல நாளில் நாற்பது. ஆக மொத்தம் ஒரு நாளைக்கு முந்நூறு தேறும். அந்த முந்நூறையும் பெயிண்டரிடம் கொடுத்துவிட்டு அவள் படுத்துவிடுவாள். சமையலறை அவனுடையதாகிவிட்டது.

பெயிண்டர் அசட்டை ஆள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அசட்டை ஆளாக இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. கையை முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்ப்பான். பாட்டில்களைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுக் கடிகாரம் பார்த்து எடுப்பான். பவுடர் டின்னை நாலு தரம் படித்தான். டப்பாவைப் படிக்காதவன் பெயிண்டரே இல்லை என்பது அவன் கட்சி. முப்பது மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி, தலைதட்டி, என்று டின்னில் போட்டிருந்தது. கத்தியின் முதுகை வைத்துத் தலைதட்டினான். கடைக்குப் போய்க் கோடு போட்ட பெரிய கண்ணாடி ஜக் ஒன்றும் வாங்கி வந்தான். அவளுடைய முந்நூறை அதில் ஊற்றினான். கொதித்து ஆறிய தண்ணீரை அறுநூறு கோடு வரைக்கும் விட்டான். அறுநூறுக்கு இருபது கரண்டி பவுடரைப் போட்டு, நுரை எழும்பாமல் நிதானமாகக் கலக்கி, மூடி ஃப்ரிட்ஜில் வைத்தான். வேளாவேளைக்கு அதிலிருந்து ஊற்றிச் சூடு காட்டிக் கொடுத்தான்.

முதல் நாளே அவளுக்கு அது பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் எதற்கு ஒன்றாகக் கொட்ட வேண்டும் என்று கேட்டாள். அவன் தொழில் பேச ஆரம்பித்துவிட்டான்.

"ஒரே நிறம்னு எழுதியிருக்கும், ரெண்டு டப்பாவையும் தனித்தனியா அடிச்சுப் பாரு, செவுத்துல ஒட்டுப்போட்ட மாதிரி தெரியும். அதனால வேலைக்கு முன்னாடியே எல்லா டப்பாவையும் ஒரே வாளியில கொட்டிடணும். அப்பத்தான் மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே மாதிரி வரும். கொசுவுக்கும் அதேதான். ஒரு வேளை உன் பால், ஒரு வேளை பவுடர்னு மாத்தி மாத்திக் குடுத்தா அது எதைன்னு பழகும்?"

"அவ என்ன செவுரா?"

"செவுரு இல்ல. ஆனா வயிறு ஒண்ணுதானே."

அவள் போய்ப் படுத்துக்கொண்டாள். உடம்பில் தையல் இருந்தது, தூக்கம் இல்லை, அந்த மனுஷன் பாவம் ஓடி ஓடிச் செய்கிறான். குறை சொன்னால் நன்றி கெட்டவள் என்று ஆகும்.

ஆனால் மூன்றாம் நாளே அவளுக்கு வயிறெரிய ஆரம்பித்தது. பாட்டிலில் எழுபது ஊற்றிக் கொடுத்தால் கொசு நாற்பது குடிக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வாய் வைத்த பாலை ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று டின்னில் போட்டிருந்தது. டின்னில் போட்டிருந்தால் பெயிண்டருக்கு அது சட்டம். மணி பார்த்து, மிச்ச முப்பதைத் தொட்டியில் கவிழ்ப்பான். அந்த முப்பதில் பாதி அவளுடையது. ஒரு நாளைக்கு எட்டுப் பாட்டில், பாட்டிலுக்குப் பதினைந்து. நூற்றிருபது மில்லி. அதாவது மூன்று தடவை, ஒன்றரை மணி நேரம் அவள் உட்கார்ந்து எடுத்தது சாக்கடைக்குப் போகிறது. பாட்டிலைக் கவிழ்க்கிற சத்தம் உள்ளறைக்குக் கேட்கும். கேட்கும்போதெல்லாம் அவளுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

என் பாலை முதலில் தனியாகக் கொடுங்கள், அது பற்றாவிட்டால் பிறகு பவுடரைக் கொடுங்கள், மிச்சமானால் பவுடர் போய்த் தொலையட்டும் என்று கெஞ்சினாள். அவன், இருக்கிறதையெல்லாம் ஏற்கெனவே கலந்தாகிவிட்டது, கலந்ததைப் பிரிக்க முடியுமா என்று கேட்டான். நாளைக்காவது கலக்காதீர்கள் என்றாள். சரி என்றான். மறுநாள் காலை பம்ப்பைக் கழுவிவிட்டு வந்து பார்த்தால் ஜக் நிரம்பிப் போயிருந்தது. கை பழகிப் போய்ச் செய்துவிட்டானாம். ராத்திரி எடுத்துவைத்திருந்ததும் விடியற்காலை எடுத்ததும் எல்லாம் அதற்குள்.

"என்னங்க, நான் தமிழ்லதானே சொன்னேன்?"

"நாளையிலிருந்து பாத்துக்கலாம்," என்றான்.

அந்த நாளை வரவே இல்லை. அதற்குள் கொசுவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது.

முதலில் வெளியே போவது நின்றது. போனால் கூழாங்கல் மாதிரி கெட்டியாகப் போயிற்று. முகம் சிவக்க முக்கி அழுதது. பிறகு துணி நனைவது குறைந்தது. ஒரு நாளைக்கு எட்டுத் துணி மாற்றியவன் நாலு துணியோடு நின்றான். மழையில் துணி காயாத கவலை மிச்சம் என்றுகூடச் சொன்னான், புத்திகெட்டவன். உதடு வறண்டது. அழுகை மட்டும் வற்றவில்லை. பசிக்கிறது போல என்று ஜக்கிலிருந்து இன்னொரு பாட்டில். கொஞ்சம் ஆவலாகக் குடிக்கும், கக்கும், மறுபடி அழும். மறுபடி ஜக்.

இந்த நேரம் பார்த்து அவனுடைய அக்கா வந்தாள். ஒரு தொழிற்சாலை கேன்டீனில் நானூறு பேருக்குச் சமைக்கிறவள். சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அவள் கேன்டீன் அக்கா. மழையில் நனைந்துகொண்டு, தூக்குப்பாத்திரத்தில் சூப்பும் ரொட்டியும் அவித்த முட்டையும் எடுத்துக்கொண்டு தினம் வேலை முடிந்து வருவாள். நல்லவள். அதில் சந்தேகமே இல்லை. நல்லவர்கள் தப்பாகச் சொல்லும்போது எதிர்த்துப் பேச வாய் வராது, அதுதான் சங்கடம்.

கேன்டீன் அக்கா பிள்ளையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், உதட்டைப் பார்த்தாள், இரண்டு பாலும் உள்ளே போய்ச் சண்டை போடுகிறது என்று தீர்ப்புச் சொன்னாள். ஒன்றை நிறுத்த வேண்டும். பவுடரை நிறுத்தினால் வயிறு நிறையாது, ஆஸ்பத்திரியே சொல்லியிருக்கிறது. அப்போது எதை நிறுத்துவது? மூன்று பேரும் ஜக்கைப் பார்த்தார்கள்.

"என் பால்ல என்ன அண்ணி கோளாறு?" என்று இஸ்திரிக்காரிதான் கேட்டாள்.

"உன்னைக் குத்தம் சொல்லலம்மா. எட்டு மாசம் நீ ஆவியில நின்னிருக்கே. அந்தச் சூடு உடம்புல இறங்காம எங்க போகும்? பாலுக்குத்தானே வரும்."

அவளுக்கு அது சுருக்கென்றது. கடையில் நின்றது இந்தப் பிள்ளைக்காகத்தான். கால் வீங்க வீங்க நின்றது, ஒன்பதாம் மாதம் உட்கார்ந்து சாப்பிடலாம் என்றுதான். அதுவே பிள்ளைக்கு விஷமாகிவிட்டது என்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது? அப்படியெல்லாம் இருக்காது என்று ஒரு நாள் முழுக்க ஒற்றைக்காலில் நின்றாள். பெயிண்டர் பக்கம் பார்த்தாள். அவன் பாட்டிலை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போய்விட்டான். அதுதான் அவளுக்கு நெஞ்சில் அறைந்த மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை கொசு காலையில் ஆரம்பித்து மத்தியானம் வரைக்கும் அழுதது. தொண்டை கட்டிப்போய்ச் சத்தமே வராமல் வாயை மட்டும் திறந்து அழுதது. அதைப் பார்த்துக்கொண்டு எந்தத் தாய் தன் கட்சியே பெரிது என்று பேசுவாள்? நிறுத்திவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பம்ப்பைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

அன்றைக்கு ராத்திரிக்குள் மார்பு கல்லாகிவிட்டது. கை தூக்க முடியவில்லை. ஈரத்துணி போட்டுப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் துணி சுட்டது. தாங்க முடியாதபோது குளியலறைக்குப் போய் வலி குறைகிற அளவுக்கு மட்டும் பிழிந்து விடுவாள். முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கெஞ்சினாலும் வராத பால் இப்போது தானாகப் பீச்சிக்கொண்டு தரையில் ஓடியது. அவள் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். வெளியே கேட்கக் கூடாது.

பெயிண்டர் ஜக்கில் வெறும் தண்ணீரை அறுநூறு கோடு வரைக்கும் விட்டு இருபது கரண்டி பவுடர் போட்டுக் கலக்கினான்.

இனி நடந்ததுதான் கொடுமையிலும் கொடுமை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கொசு துணியை நனைத்தது. புதன்கிழமை ஆறு துணி. வெளியே இளகிப் போயிற்று. குடித்துவிட்டு மூன்று மணி நேரம் கையைத் தளர விட்டுத் தூங்கியது. வியாழக்கிழமை உதட்டில் ஈரம் வந்துவிட்டது. கேன்டீன் அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, பார்த்தாயா, நான் அப்பவே சொன்னேனே என்றாள். குத்திக்காட்டவில்லை, சந்தோஷத்தில் சொன்னாள். பெயிண்டர் நாலு நாள் கழித்துச் சிரித்தான். இஸ்திரிக்காரியும் சிரித்தாள். பிள்ளை தேறியதில் அவளுக்கு உயிர் வந்தது. தேறிய விதத்தில் அந்த உயிரே போயிற்று. தான் கொடுத்தவரைக்கும் வாடிய பிள்ளை, தான் விலகியதும் தழைக்கிறது. இதற்கு மேல் சாட்சி எதற்கு?

வெள்ளிக்கிழமை எடை பார்க்கப் போனார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியின் பின்பக்கம் ஒரு நீள அறை. பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாகத் தாய்மார்கள், நாற்காலிக்கடியில் சொட்டுகிற குடைகள். எடை நர்ஸ் சின்ன வயசுக்காரி. மூக்குக்கண்ணாடியின் ஒரு காலை வெள்ளை பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தாள். கொசுவின் துணியைக் கழற்றித் தட்டில் படுக்க வைத்தாள். இரண்டு கிலோ இருநூற்று நாற்பது. பிறந்ததைவிட அறுபது கிராம் குறைவு.

பத்தொன்பது நாளில் பிறந்த எடையைத் தாண்டியிருக்க வேண்டுமே என்றாள் நர்ஸ். தோலைக் கிள்ளிப் பார்த்தாள், உச்சியைத் தடவிப் பார்த்தாள், என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டாள். இஸ்திரிக்காரி தலையைக் குனிந்துகொண்டு, என் பால் ஒத்துக்கொள்ளவில்லை, திங்கட்கிழமையே நிறுத்திவிட்டேன், அதற்கப்புறம் தேவலை என்று ஒப்பித்தாள். நர்ஸ் எழுதுவதை நிறுத்தினாள்.

"ஒத்துக்கலைன்னு யாரு சொன்னது?"

பெயிண்டர் குடையின் நுனியைப் பார்த்தான்.

"நிறுத்துனதும் சரியாயிடுச்சே சிஸ்டர்," என்றாள் அவள். "மூத்திரமே போகாம இருந்தா. இப்ப நல்லாப் போறா. நான் என்ன செய்யட்டும்?"

"மூத்திரம் போகலைன்னா அன்னைக்கே தூக்கிட்டு ஓடி வரணும்மா. வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்கிற விஷயமா இது? அது கிடக்கட்டும். நிறுத்துறதுக்கு முன்னாடி எப்படிக் குடுத்தீங்க? பாட்டில் யாரு போடுறது?"

நான்தான் என்று பெயிண்டர் ஒரு எட்டு முன்னால் வந்தான். அவன் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. நர்ஸ் அலமாரியிலிருந்து ஒரு கோடு போட்ட பாட்டிலும், பவுடர் டின்னும், இரண்டு கப் தண்ணீரும் எடுத்து மேஜையில் வைத்தாள். ஒரு கப்பில் இருப்பதை அம்மாவின் பால் என்று வைத்துக்கொள்ளுங்கள், இன்னொன்று தண்ணீர், வீட்டில் செய்கிறபடியே எனக்கு ஒரு பாட்டில் போட்டுக் காட்டுங்கள் என்றாள்.

பெயிண்டர் முதலில் போய்க் கையைக் கழுவினான். அதற்கே நர்ஸ் தலையை ஆட்டினாள். திரும்பி வந்து, அம்மா பாலை அறுபது கோடு வரைக்கும் ஊற்றினான். குனிந்து, கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்துச் சரிபார்த்தான். தண்ணீரை நூற்றிருபது கோடு வரைக்கும் விட்டான். டின்னைத் திறந்தான். ஒரு கரண்டி, தலைதட்டி. இரண்டு கரண்டி, தலைதட்டி. மூன்றாவது கரண்டியை எடுத்தான்.

நர்ஸ் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இது எதுக்கு?"

"நூத்தி இருபது சிஸ்டர். முப்பதுக்கு ஒண்ணு. நாலு கரண்டி."

"தண்ணி எவ்வளவு விட்டீங்க?"

"நூத்தி..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். பாட்டிலைப் பார்த்தான். "அறுபது."

"அறுபதுக்கு எத்தனை?"

பின்னால் யாருடைய குழந்தையோ தும்மியது. கரண்டியிலிருந்த பவுடர் மெல்லச் சரிந்து மேஜையில் கொட்டியது.

பெயிண்ட் வாளியில் கோடு எங்கே நிற்கிறதோ அதற்குத்தான் பொடி. பதினெட்டு வருஷமாகக் கை அப்படித்தான் பழகியிருந்தது. வாளியில் ஏற்கெனவே என்ன இருந்தால் என்ன, மொத்தம் எவ்வளவோ அவ்வளவுக்கு நிறப்பொடி போடாவிட்டால் சுவர் வெளிறிவிடும். டின்னில் தண்ணீர் என்று எழுதியிருந்ததை அவன் படித்தான்தான். படித்துவிட்டுக் கோட்டைப் பார்த்தான். பால் கலந்த நாளெல்லாம் பத்துக் கரண்டி போட வேண்டிய இடத்தில் இருபது போட்டிருக்கிறான். வெறும் தண்ணீர் விட்ட இந்த நாலு நாள்தான் அளவு சரியாக இருந்திருக்கிறது. அதனால்தான் பிள்ளை பிழைத்தது.

நர்ஸ் சத்தம் போடவில்லை. பொறுமையாகச் சொன்னாள். தாய்ப்பால் தண்ணீர் இல்லை. அதில் ஏற்கெனவே எல்லாம் இருக்கிறது. பவுடரை எப்போதும் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், தண்ணீர் எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் கரண்டி. கரைத்து முடித்த பிறகு வேண்டுமானால் தாய்ப்பாலைச் சேர்க்கலாம். சேர்க்காமல் இருந்தால் இன்னும் நல்லது. அம்மா பாலை முதலில் தனியாகக் கொடுத்துவிடுங்கள், பற்றாவிட்டால் பவுடர். அப்போது மிச்சம் வந்தாலும் அம்மா பால் வீணாகாது. இத்தனை சின்னப் பிள்ளைக்கு அவ்வளவு கெட்டியான பால் தொடர்ந்து போயிருந்தால் விபரீதமாகியிருக்கும். பிள்ளைக்கு எடுத்தது தாகம், உங்களுக்கு அது பசியாகத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான் என்றாள்.

"அப்ப என் பால்ல கோளாறு ஒண்ணும் இல்லையா சிஸ்டர்?" என்று இஸ்திரிக்காரி கேட்டாள்.

"ஒண்ணும் இல்லம்மா. உங்க பால் ஒண்ணுதான் அந்த ஜக்குல சரியா இருந்தது."

டாக்டரும் பார்த்தார். குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்து, மத்தியானம் வரைக்கும் உட்கார வைத்து, பயமில்லை, செவ்வாய்க்கிழமை மறுபடி எடை பார்க்கலாம் என்று அனுப்பினார்கள். பம்ப்பை இன்றைக்கே ஆரம்பியுங்கள், குறைந்திருக்கும், விடாமல் போட்டால் திரும்பி வர வாய்ப்பிருக்கிறது என்றாள் நர்ஸ். வரும் என்று அவள் சத்தியம் செய்து கொடுக்கவில்லை.

திரும்பும் வழியில் பெயிண்டர் குடையை இஸ்திரிக்காரி பக்கமே பிடித்துக்கொண்டு ஒரு பக்கம் நனைந்துகொண்டு வந்தான். அவளுக்குக் கோபம் கொஞ்சநஞ்சமில்லை. எந்த இடத்திலிருந்து ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. தனியாகக் கொடுங்கள் என்று எத்தனை தடவை கேட்டாள்? கேட்டபடி ஒரே ஒரு நாள் செய்திருந்தால் இந்தத் தப்பு நடந்திருக்கவே வழியில்லை. அதைவிட, நாலு நாள் குளியலறைத் தரையில் ஓடிய பால். அதை யார் அள்ளிக் கொடுப்பார்?

வீட்டில் கேன்டீன் அக்கா சோறு வைத்துவிட்டுக் காத்திருந்தாள். பெயிண்டரே நடந்ததைச் சொன்னான். தன் பேரிலிருந்த தப்பை மென்று முழுங்காமல் சொன்னான், அதற்கு மட்டும் அவனை மெச்ச வேண்டும். அக்கா அடுப்படியில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"நானூறு பேருக்கு ஆக்குறேன்டா. குழம்புல உப்புக் கூடிப்போச்சுன்னா முதல்ல என் நாக்குலதான் விட்டுப் பார்ப்பேன். இந்த ஜக்கை நம்ம ஒருத்தராவது நாக்குல விட்டுப் பார்த்தோமா? ஆவி, சூடுன்னு அவ மேல பழியைப் போட்டுட்டேனே." இஸ்திரிக்காரியின் பக்கம் திரும்பினாள். "என்னைத் திட்டிடும்மா. மனசுல வச்சுக்காதே."

"திட்டத் தெம்பு இல்ல அண்ணி," என்றாள் அவள். "அப்புறமா திட்டுறேன்."

அது விளையாட்டுக்குச் சொன்னது இல்லை என்று அக்காவுக்குப் புரிந்தது. மூன்று பேருக்கும் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, ஜக்கை எடுத்துத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தாள். அன்றைக்கு அவளுக்குச் சாயங்கால ஷிஃப்ட், கிளம்பிப் போனாள்.

மழை நின்றிருந்தது. மேஸ்திரி போன் செய்தார். நாளைக்குக் காலை சாரத்தில் ஏறலாம், சுவர் காய்ந்துவிடும் என்றார். பெயிண்டர் போனைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளறையைப் பார்த்தான். இரண்டு நாள் கழித்து வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டான்.

அவள் பையின் ஜிப்பைத் திறந்து பம்ப்பை எடுத்தாள். பாகங்களைக் கொதிக்க வைத்து எடுத்து மாட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். பெயிண்டர் வழக்கம்போலக் கதவைச் சாத்திவிட்டு வெளியே போகப் பார்த்தான்.

"எங்க போறீங்க?"

"நீ போடு. முடிச்சதும் கூப்பிடு, வந்து வாங்கிக்கிறேன்."

"வாங்க. இங்க உக்காருங்க. இத்தனை நாளும் நிறைஞ்ச பாட்டிலைத்தான் வாங்கிட்டுப் போனீங்க. அது எப்படி நிறையுதுன்னு ஒரு தடவையாவது பாருங்க."

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பம்ப் ஓடியது. ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. ஒன்றும் வரவில்லை. நாலு நாளில் வற்றித்தான் போயிருந்தது. கண்ணை மூடி விரிப்புகளை நினைத்துப் பார்த்தாள். கோபத்தில் ஒரு விரிப்பும் மடியவில்லை. அவன் எழுந்திருக்கப் பார்த்தான். அவள் பார்த்த பார்வையில் மறுபடி உட்கார்ந்தான். பதிமூன்றாவது நிமிஷம் ஒரு சொட்டு கண்ணாடியில் இறங்கியது. அவன் முன்னால் குனிந்தான். அடுத்த சொட்டுக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. கீழே பஞ்சர் கடையில் மெஷினைப் போட்டார்கள். அலமாரியில் தம்ளர்கள் கிடுகிடுத்தன. அவன் தன்னை அறியாமல் கையை நீட்டிப் பம்ப் பாட்டிலின் அடியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான், ஆடிச் சிந்திவிடக் கூடாது என்று. அரை மணி நேரமும் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான். முதுகு வலித்திருக்கும். வலிக்கட்டும் என்று அவள் நினைத்தாள்.

முடிந்தபோது பதினான்கு மில்லி இருந்தது.

"இவ்வளவுதானா?" என்று கேட்டவன், கேட்ட வாயை மூடிக்கொண்டான். நாலு நாளைக்கு முன்னால் அதே நேரத்தில் முப்பத்தைந்து வந்ததும், அதில் பாதிக்குப் பாதியை மணி பார்த்துத் தொட்டியில் கவிழ்த்ததும் அவனுக்குத் தெரியாதா? கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

"என் மேல கோவம் தீராதுல்ல உனக்கு?"

"இப்போதைக்குத் தீராது. அழுதா தீந்துரும்னு அழாதீங்க. கையைக் கழுவுனீங்களா?"

"கழுவுனேன்."

"பம்ப்பைத் தொட்டதுக்கு அப்புறம்?"

எழுந்து போய் மறுபடி கழுவிவிட்டு வந்தான். கொசுவை மடியில் எடுத்துக்கொண்டு, அந்தப் பதினான்கு மில்லியைத் தனியாக, வேறு எதுவும் கலக்காமல், சின்னப் பாட்டிலில் கொடுத்தான். கொசு நிறுத்தி நிறுத்திக் குடித்தது. கடைசியில் ஒரு சொட்டு வாயோரம் வழிந்து தாடைக்கு இறங்கியது. பெயிண்டர் அதைச் சுண்டுவிரலால் வழித்துப் பிள்ளையின் நாக்கில் வைத்தான். அது சப்பியது.

இஸ்திரிக்காரி இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கிட்டே போகவில்லை. பம்ப்பைக் கழற்றித் துடைத்து வைத்தாள், சட்டைப் பொத்தானைப் போட்டாள், கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அடுத்தது ஆறரைக்கு," என்றாள். "அப்பவும் வந்து உக்காருங்க."